விலையும் தவணையும்: கண்டியின் சிறு வணிகமும் பெருங்கம்பனிகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கண்டியில் சில்லறைக் கடை வைத்திருக்கும் எவரிடமும் வியாபாரம் எப்படி என்று கேட்டுப்பாருங்கள். “அவங்க விலைக்கு எங்களால குடுக்க ஏலாதுங்க” என்ற பதில்தான் முதலில் வரும். ‘அவங்க’ யார் என்று விளக்கம் தேவையில்லை. அந்தப் பதிலில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

பெரிய கம்பனி சிறிய வியாபாரியை விலையால் மட்டும் வீழ்த்துவதில்லை. யாருடைய பணம் யாரிடம் எத்தனை நாள் தங்குகிறது, சரக்கு முதலில் யாருக்குப் போகிறது, விற்காத சரக்கின் நட்டம் யார் தலையில் விழுகிறது, சட்டம் எழுதும்போது அறைக்குள் யார் இருந்தார்கள் என்ற நான்கு கேள்விகளில்தான் பெரும்பாலான போட்டிகள் தீர்மானமாகின்றன. விலைச்சீட்டு வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும். இந்த நான்கும் தெரியாது. இதுதான் என் வாதம். இதற்கான சான்றுகள் நம் மலைகளிலேயே இருக்கின்றன.

1. கோப்பிக் காலம்

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனபின், இந்த மலைகளில் முதலில் பரவிய பெரும் பணப்பயிர் கோப்பி. தோட்டத் துரைமாரின் கதையாகவே அதைப் படித்திருக்கிறோம். ஆனால் கிராமத்து மக்களும் வீட்டுத் தோட்டங்களில் கோப்பி வளர்த்தார்கள். பழத்தைப் பறித்து முற்றத்துப் பாயில் காயவைத்தார்கள். பெரும்பாலும் முஸ்லிம்களான பொதிமாட்டு வணிகர்கள் அதை வாங்கி, உப்பும் கருவாடும் துணியும் கொடுத்துவிட்டுப் போனார்கள். தோட்டக் கோப்பியோடு நாட்டுக் கோப்பியும் கப்பலேறியது. சிறு உற்பத்தியாளரும் சிறு வணிகரும் சேர்ந்து நடத்திய ஒரு சந்தை அது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. உரிமைக்குச் சான்று காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரிய நிலமாகக் கருதப்பட்டன. கிராமத்தார் தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த நிலத்துக்கு உறுதி ஏது, சான்று ஏது? அந்த நிலங்கள் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களும் இருந்தார்கள். கிராமத்துக் கோப்பி விலையில் தோற்கவில்லை. அது விரிவடையும் இடத்தைக் குறுக்கியது ஒரு சட்டம்.

1869இல் கோப்பி இலைத்துரு நோய் தென்பட்டது. நோய் பெரியவர், சிறியவர் என்று பார்க்கவில்லை. ஆனால் அதன் பின்விளைவில் பெரும் வேறுபாடு இருந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். மூலதனம் உள்ள தோட்டங்கள் அந்த வழியில் தேயிலைக்கு மாறின. தேயிலை பாயில் காயவைக்கும் பயிரல்ல. பறித்த கொழுந்தைக் காலம் தாழ்த்தாமல் வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, சூடேற்றி உலர்த்த வேண்டும். அதற்கு ஆலை வேண்டும், இயந்திரம் வேண்டும். முற்றத்தில் முடிந்த வேலை ஆலைக்குப் போனதோடு பேரம் பேசும் பலமும் ஆலைக்குப் போனது. ஹந்தானையில் 1925இல் கட்டிய ஆலை ஒன்று இன்று தேயிலை அருங்காட்சியகமாக நிற்கிறது. பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகிறவர்கள், அந்த உருளைகளைக் காட்டும்போது இதையும் சொல்லுங்கள்: சிறியவர் சொந்தமாக வாங்க முடியாத ஒரு பொறி சந்தையின் நடுவில் வந்து நின்றால், அதற்குப் பிறகு விலையைச் சொல்வது அந்தப் பொறியின் சொந்தக்காரர்.

1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. 1890இல் தோமஸ் லிப்டன் இங்கு வந்து தோட்டங்கள் வாங்கினார். தோட்டத்திலிருந்து இங்கிலாந்தின் கடைவரை ஒரே கையில் வைத்துக்கொள்வது அவர் வழி. அதே 1890இல்தான் அமெரிக்காவில், ஏகபோகத்துக்கு எதிரான ஷெர்மன் சட்டம் நிறைவேறியது. ஒரு நாடு பெருநிறுவனத்துக்கு எல்லை வகுக்கத் தொடங்கிய ஆண்டில், நம் மலைகள் அதற்குக் கதவைத் திறந்துகொண்டிருந்தன.

2. கடன் யாருக்குக் கிடைத்தது?

தேயிலைக் காலத்துக் கண்டியில் கடைகள் பெருகின. கொழும்பிலிருந்து ரயில் 1867இலேயே வந்துவிட்டது. ஆனால் ஏற்றுமதி, இறக்குமதி, கப்பல், காப்புறுதி, வங்கி எல்லாம் ஐரோப்பியக் கம்பனிகளின் பிடியில் இருந்தன. பிரித்தானிய வங்கிகள் உள்ளூர்க் கடைக்காரருக்கு நேரடியாகக் கடன் கொடுக்கவில்லை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தங்கள் நாணயத்தின் பேரில் வங்கியிடம் பணம் பெற்று, தங்கள் பணத்தையும் சேர்த்து, உள்ளூர் வணிகருக்குக் கொடுத்தார்கள். அவர்களுடைய வட்டியைப் பற்றி நிறையக் குறை சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வட்டிக்கும் கடன் கிடைக்காமல் போனால் என்னவாகும் என்பது 1925இல் தெரிந்தது. சில செட்டியார் நிறுவனங்கள் முறிந்தன, வங்கிகள் கையை இறுக்கின, உள்ளூர் வணிகம் மூச்சுத் திணறியது. 1934இல் வங்கி விசாரணை ஆணைக்குழு அமர்ந்ததும், 1939இல் இலங்கை வங்கி பிறந்ததும் இந்த நெருக்கடிகளின் தொடர்ச்சிதான்.

இதே காலத்தின் இன்னொரு நிகழ்வையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1915ஆம் ஆண்டுக் கலவரம் கண்டியில்தான் தொடங்கியது. வெசாக் ஊர்வலம் காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலைக் கடப்பது பற்றிய தகராறு அதன் பொறி. முதலாம் உலகப் போரின் விலையேற்றமும், தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் கடைக்காரர்கள் மீது வளர்ந்திருந்த வணிகக் காழ்ப்பும் அதற்கு எண்ணெய் வார்த்தன. அரிசியும் துணியும் எந்தக் கப்பலில், யார் வைத்த விலையில், யார் கொடுத்த கடனில் வந்தன என்று கேட்க ஆளில்லை. பக்கத்துக் கடைக்காரர் கண்ணுக்குத் தெரிந்தார். கடை எரிந்தது. 1983 ஜூலையில் தமிழர் கடைகளும், 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பக்கங்களில் முஸ்லிம் கடைகளும் எரிந்தன. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு காரணங்கள் உண்டு. ஆனால் சிறு வணிகரின் எதிரி இன்னொரு சிறு வணிகர்தான் என்று நம்பவைக்கும் பேச்சு மூன்றுக்கும் பொது. சந்தையின் பெரும் பலங்களைப் பற்றிய கேள்வியை அந்தப் பேச்சு எழவே விடுவதில்லை.

3. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு

சரக்கு வரும் வழி யார் கையில் என்பதற்கு, தமிழ் வாசகருக்குத் தெரிந்த கதை ஒன்று. பாதிதான் தெரிந்த கதை என்பதால் திரும்பச் சொல்கிறேன். 1906 ஒக்டோபரில் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து இலட்சம் ரூபா. ஒரு பங்கு 25 ரூபா வீதம் 40,000 பங்குகள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடுவது நோக்கம். எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பனி. அது கட்டணத்தை ஒரு ரூபாவாகக் குறைத்தது, சுதேசிக் கம்பனி அரை ரூபாவாக்கியது. பிறகு வெள்ளைக்காரக் கம்பனி இலவசமாக ஏற்றிச் செல்வதாகவும், பயணிக்கு ஒரு குடை கொடுப்பதாகவும் அறிவித்தது என்பார்கள்.

குடை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முன் நடந்தது நினைவில் இல்லை. சிதம்பரம்பிள்ளை முதலில் பம்பாயின் ஷா லைன் நிறுவனத்திடம் கப்பலை வாடகைக்கு எடுத்திருந்தார். பெரிய கம்பனி அந்த நிறுவனத்தை நெருக்கியது, வாடகைக் கப்பல் திரும்பப் போனது. அந்த அடி சரக்கு வரும் வழியில் விழுந்தது. விலைப்போர் பிறகுதான் வந்தது. அவர் கொழும்பிலிருந்து கப்பல் எடுத்துச் சமாளித்தார், பிறகு காலியா, லாவோ என்ற இரு கப்பல்களைச் சொந்தமாகவே வாங்கினார். 1908 மார்ச்சில் கைது, ஜூலையில் கொடுந்தண்டனை. தலைமையில்லாத கம்பனி 1911இல் கலைக்கப்பட்டது.

நட்டத்துக்கு விற்க ஒருவரால் முடிவது அவர் திறமையால் அல்ல. வேறு வழித்தடங்களில் வந்த இலாபம் இந்த வழித்தடத்தின் நட்டத்தைத் தாங்குகிறது. சிறியவருக்கு ஒரே வழித்தடம். பெட்டிக்கடைக்கு ஒரே தெரு. நூறு ஊரில் கிளை வைத்திருப்பவர் ஓர் ஊரில் ஆறு மாதம் நட்டப்படலாம். ஒரே ஊரில் இருப்பவர் ஆறு வாரம்கூடத் தாங்க மாட்டார்.

4. இன்றைய கண்டி

இனி நம் தெருக்களுக்கு வருவோம். நியாயத்தோடு தொடங்க வேண்டும். சுப்பர் மார்க்கெட் நமக்குச் செய்த நன்மைகள் பல. விலை எழுதி ஒட்டியிருக்கிறது. தராசு எல்லோருக்கும் ஒரே தராசு. பில் கிடைக்கிறது. தோட்டத்திலிருந்து வந்த பெண் எந்தக் கேள்வியும் இல்லாமல் கூடையை எடுத்துக்கொண்டு, வேண்டியதைப் பார்த்து எடுக்கிறாள். சில்லறைக் கடைகளிடம் குறைநிறுவையும் இருந்தது, தட்டுப்பாட்டுக் காலத்தில் பதுக்கலும் இருந்தது. சிறியதாக இருப்பதாலேயே ஒருவர் நல்லவர் ஆகிவிட மாட்டார்.

வரலாற்றிலும் நல்ல கணக்கு பெருங்கடைகள் பக்கம் உண்டு. 1844இல் தொடங்கிய கார்கில்ஸ் நிறுவனம் 1983இல் கொழும்பில் முதல் ஃபுட் சிட்டியைத் திறந்தது. தலதா வீதியில் அதன் பழைய கட்டடத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 1999இல் அது ஹங்குராங்கெத்தையில் மரக்கறிச் சேகரிப்பு நிலையம் திறந்து, விவசாயியிடம் நேரடியாக வாங்கத் தொடங்கியது. இடைத்தரகர் இரண்டு மூன்று பேர் கழிந்தார்கள், எடை போட்டுக் காசு கொடுத்தார்கள் என்று விவசாயிகள் வரவேற்றார்கள். பெரியவர் நல்ல விதமாகவும் நடக்கலாம் என்பதற்கு அது சான்று. ஆனால் அந்த நன்மை கம்பனியின் விருப்பத்தில் தங்கியிருந்தது. வேறொரு கம்பனி வேறு விதமாக நடந்தால் கேட்பதற்கு விவசாயியின் கையில் ஒன்றும் இல்லை.

இப்போது யட்டிநுவர வீதியில் ஒரு பலசரக்குக் கடை முன்னால் நின்று பாருங்கள். நகரம் ஏரிக்கும் மலைக்கும் இடையில் நெருக்குண்டு கிடக்கிறது. 1988 முதல் உலக மரபுரிமை நகரம். தெருவை அகலமாக்க முடியாது, ஆக்கவும் கூடாது. கடை வாசலில் வண்டியை நிறுத்தினால் பின்னால் ஹோர்ன் சத்தம், பொலிஸ்காரர் வருவார். சரக்கு இறக்கும் லொறிக்கும் அதே கதி. ஆனால் பேராதனைப் பக்கமோ கட்டுகஸ்தோட்டைப் பக்கமோ நாற்பது கார் நிற்கும் முற்றத்தோடு ஒரு பெருங்கடை இருந்தால், வாடிக்கையாளர் அங்கே போவது அரிசி விலைக்காக மட்டுமா? வண்டி நிறுத்த இடம் என்பது கண்டியில் ஒரு வியாபாரப் பலம். அந்தப் பலத்தைக் காசு கொடுத்து வாங்க முடிந்தவர்கள் சிலர். மாநகரசபை பொது நிறுத்துமிடத்தையும் சரக்கு இறக்க ஒரு நேரத்தையும் ஒழுங்காக அமைத்தால், ஒரு சதமும் மானியம் கொடுக்காமல் நூற்றுக்கணக்கான கடைகளுக்கு உதவலாம்.

அடுத்தது சரக்கு. பெருங்கம்பனியின் ஏஜென்ட் வேன் கடைக்கு வருகிறது. ஓடும் சரக்கு வேண்டுமென்றால் ஓடாத சரக்கையும் எடு என்பது நெடுங்கால வழக்கம். 2021, 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் பால்மாவுக்கும் இதே பேச்சு எழுந்தது. ‘இதை எடுத்தால்தான் அதைத் தருவேன்’ என்று கடைக்காரர் சொன்னபோது வாடிக்கையாளர் அவரைத் திட்டினார். கடைக்காரருக்கு மேலே யார் அதே வார்த்தையைச் சொன்னார்கள் என்று கேட்டவர் குறைவு.

5. அறுபது நாளின் கணக்கு

இப்போது தவணைக்கு வருகிறேன். பொதுவாகப் பேசாமல் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களைப் போட்டு நீங்களே சரிபார்க்கலாம்.

கெலிஓயாப் பக்கம் ஒருவர் வீட்டோடு மிக்சர் செய்து பக்கெட்டில் அடைக்கிறார். ஒரு நாளைக்கு 100 பக்கெட். ஒன்றின் அடக்கம் 150 ரூபா, கடைகளுக்குக் கொடுக்கும் விலை 180. பக்கெட்டுக்கு 30 ரூபா மிச்சம். சில்லறைக் கடைக்காரர் அடுத்த வாரம் வரும்போது காசு தருகிறார். ஆக, ஏழு நாள் சரக்கின் அடக்கமான 1,05,000 ரூபா மட்டுமே வெளியே முடங்கிக் கிடக்கும். அந்த அளவுக்குத் தாலிக்கொடியை அடகு வைத்தாவது சமாளிக்கலாம்.

ஒரு பெருங்கடை அவர் சரக்கை எடுக்கச் சம்மதிக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நிபந்தனைகள் மூன்று: விலையில் பத்துச் சதவீதம் குறைக்க வேண்டும், விற்காததைத் திருப்பி எடுக்க வேண்டும், பணம் அறுபது நாளில். பத்துச் சதவீதம் போனால் விலை 162. நூற்றில் ஐந்து திரும்பி வந்தால் 95 பக்கெட்டுக்குத்தான் காசு, நாளைக்கு 15,390 ரூபா. அடக்கம் 15,000. மிச்சம் 390. அறுபது நாள் சரக்கின் அடக்கம் ஒன்பது இலட்சம் ரூபா வெளியே நிற்கிறது. அதை 18 சதவீத வட்டிக்கு வாங்கினால் வருடத்துக்கு 1,62,000, நாளைக்கு ஏறத்தாழ 444 ரூபா. முன்னூற்றுத் தொண்ணூறில் நானூற்று நாற்பத்து நான்கைக் கழித்துப் பாருங்கள். நாளைக்கு 54 ரூபா நட்டம்.

மறுபக்கமும் பாருங்கள். பெருங்கடை அந்த மிக்சரைச் சில நாட்களில் ரொக்கத்துக்கு விற்றுவிடுகிறது. மிச்ச நாளெல்லாம் அந்தப் பணம் அதனிடம் வட்டியில்லாமல் இருக்கிறது. அறுபது நாளுக்குச் சேர்ந்தால் ஒன்பது இலட்சத்து இருபத்து மூவாயிரம். இப்படி எத்தனை நூறு சிறு உற்பத்தியாளர்? வங்கி கொடுக்காத கடனைக் கெலிஓயாக்காரர் தன் அடுப்படியிலிருந்து பெருங்கம்பனிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பணத்தில் அது இன்னொரு கிளை திறக்கிறது. அவர் முன்பு சரக்குப் போட்ட சில்லறைக் கடை அந்தக் கிளையால் மூடப்படுகிறது. அடுத்த வருட ஒப்பந்தத்தில் அவர் போக வேறிடமில்லை.

இந்தக் கணக்கை 2022க்கு எடுத்துச் செல்லுங்கள். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9. அறுபது நாள் கழித்துக் கையில் வரும் பணத்துக்கு அதே மாவும் எண்ணெயும் வாங்க முடியாது. 2023 மார்ச்சில் மத்திய வங்கியின் கடன் வட்டி வீதம் 16.5 சதவீதம், வர்த்தக வங்கிகள் கேட்டது அதற்கு மேல். அந்த வருடங்களில் முறிந்தவர்களில் பலர் வியாபாரம் தெரியாதவர்கள் அல்லர், வரவேண்டிய பணம் வராதவர்கள். வந்தது வங்கியின் ஏல அறிவித்தல். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், நாம் பராட்டே என்று சொல்வது, நீதிமன்றம் போகாமலே அடகுச் சொத்தை ஏலம் விட வங்கிக்கு இடமளிக்கிறது. சிறு தொழில் துறையினரின் கூக்குரலால் அது 2024இல் இடைநிறுத்தப்பட்டு, 2025 மார்ச் வரை நீடிக்கப்பட்டது. சிறியவர் பெரியவருக்குக் கடன்பட்டால் நீதிமன்றமே வேண்டாம். பெரியவர் சிறியவருக்குக் கொடுக்க வேண்டியதற்குக் காலக்கெடுகூட இல்லை. இந்த ஏற்றத்தாழ்வை விட வேறென்ன சான்று வேண்டும்?

6. நம்மிடம் இருந்த சட்டம்

நம் நாட்டில் ஒரு காலத்தில் இதற்கென்று சட்டம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம், ஏகபோகங்களையும் கம்பனி இணைப்புகளையும் போட்டியைக் கெடுக்கும் நடைமுறைகளையும் விசாரிக்க அதிகாரம் கொடுத்தது. 2003இல் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதை நீக்கியது. போட்டியைக் கெடுக்கும் நடைமுறைகளை விசாரிக்கும் ஏற்பாடு தங்கியது. ஏகபோகத்தையும் இணைப்பையும் கட்டுப்படுத்தும் ஏற்பாடு போயிற்று. அதாவது, ஒரு கம்பனி தன் போட்டியாளரை விலைக்கு வாங்கி விழுங்கினால், அதனால் சந்தைக்கு என்ன கேடு என்று கேட்கும் பொதுவான அதிகாரம் இந்தச் சட்டத்தில் இல்லை. அதிகாரசபை அலுவலர்கள் கடைக்கு வந்து உச்ச விலைக்கு மேல் விற்றதற்கு வழக்குப் போடுகிறார்கள். அது அவசியமான வேலைதான். ஆனால் பிடிபடுவது எப்போதும் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

மற்ற நாடுகள் எப்படிப் பார்த்தன? அமெரிக்காவில் ஏ அண்ட் பி என்ற சங்கிலிக் கடை, தேயிலை விற்கத் தொடங்கி, 1930 அளவில் ஏறத்தாழ 16,000 கடைகள் வைத்திருந்தது. அதன் வாங்கும் பலத்துக்கு அஞ்சிய சிறு கடைக்காரர்களின் குரலால் 1936இல் ராபின்சன்–பேட்மன் சட்டம் வந்தது. ஒரே சரக்கைப் பெரியவருக்கு ஒரு விலை, சிறியவருக்கு ஒரு விலை என்று கொடுத்துப் போட்டியைக் கெடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அது நுகர்வோருக்கு விலையைக் கூட்டியது என்ற குற்றச்சாட்டு இன்றும் உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. நாம் அந்தச் சட்டத்தை அப்படியே எடுக்க வேண்டியதில்லை.

பிரித்தானியாவின் வழி எனக்கு அதிகம் பிடிக்கும். பெரும் சுப்பர் மார்க்கெட்டுகள் சரக்குக் கொடுப்பவரை எப்படி நடத்த வேண்டும் என்று 2010 முதல் ஒரு கோவை நடைமுறையில் உள்ளது. 2013இல் அதற்கென ஒரு நடுவர் அமைந்தார். 2016இல் அந்த நடுவர், டெஸ்கோ நிறுவனம் சரக்குக் கொடுத்தவர்களுக்கு வேண்டுமென்றே பணத்தைத் தாமதித்தது என்று கண்டறிந்து வெளிப்படையாக அறிவித்தார். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல், அழியும் உணவுப்பொருளுக்கு 30 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. இந்தியாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்கச் சொல்கிறது. தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டுவட்டி. எல்லோரும் கை வைத்திருப்பது நான் சொன்ன அதே இடத்தில்தான்: தவணையில்.

7. கொழுந்தில் கண்ட வழி

‘இது வெளிநாட்டுச் சரக்கு, நம் நாட்டுக்கு ஒத்துவராது’ என்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். நம் மலைகளிலேயே இது பல காலமாக நடந்து வருகிறது.

இலங்கையின் தேயிலையில் இன்று எழுபது சதவீதத்துக்கு மேல் சிறுதோட்டக்காரர் பறிக்கும் கொழுந்திலிருந்து வருகிறது. அவர்களிடம் ஆலை இல்லை. காலையில் பறித்த கொழுந்தை மாலைக்குள் ஆலைக்குக் கொடுக்காவிட்டால் அது குப்பை. ஆலைக்காரர் சொல்வதே விலை என்றாகியிருந்தால், கோப்பிக் காலத்துக் கிராமத்தானின் கதை திரும்பியிருக்கும். 1957ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கத் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், ஏலத்தில் கிடைத்த விலையை அடிப்படையாகக் கொண்டு கொழுந்துக்கு நியாய விலை கணிக்கப்படுகிறது. நூற்றுக்கு 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கு, 32 பங்கு ஆலைக்கு.

இந்த ஏற்பாட்டில் குறைகள் உண்டு. எடையில் கழிவு பார்ப்பது பற்றியும், இடையில் நிற்கும் கொழுந்துச் சேகரிப்பாளர் பற்றியும் முறைப்பாடுகள் ஓய்வதில்லை. விகிதமே மாற வேண்டும் என்று ஆலைக்காரர்கள் வாதாடுகிறார்கள். ஆனால் அடிப்படையைப் பாருங்கள். ஏலவிலை எல்லோருக்கும் தெரிகிறது, பங்கு எழுத்தில் இருக்கிறது, மாதக் கணக்கு முடிகிறது. ஆலை அழியவில்லை, சந்தை நின்றுவிடவில்லை, சிறுதோட்டக்காரர் பெருகினார்கள். பலமுள்ளவருக்கும் பலமில்லாதவருக்கும் இடையிலான பேரத்தில் அரசு ஒரு விதி வைத்தால் தொழில் படுத்துவிடும் என்ற பயமுறுத்தலுக்கு நம் தேயிலைச் சரிவுகளே மறுப்பு. கொழுந்துக்குச் செய்ததை மிக்சருக்கும் மரக்கறிக்கும் யோகட்டுக்கும் ஏன் செய்யக்கூடாது? விலையை நிர்ணயிக்கச் சொல்லவில்லை. தவணையை நிர்ணயித்தால் போதும்.

8. கூடி வாங்குதல்

சட்டத்தை மட்டும் நம்பியிருக்கவும் சொல்ல மாட்டேன். சிதம்பரம்பிள்ளை கப்பல் கம்பனி தொடங்கிய அதே 1906இல், கண்டி மாவட்டத்துத் தெல்தெனியவில் தும்பறைக் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கியது. இலங்கையின் முதல் கூட்டுறவுச் சங்கம் அது. பழைய தெல்தெனிய நகரம் பின்னர் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போயிற்று. ஆனால் அந்த யோசனை மூழ்கவில்லை.

கண்டியின் நூறு கடைகள் சேர்ந்து சீனி, பருப்பு, மா, தேங்காயெண்ணெய் என்று நாலே நாலு சரக்கை ஒரே கொள்வனவாக வாங்கட்டும். எல்லாக் கடைக்கும் ஒரே பெயர்ப்பலகை வேண்டாம், ஒரே முதலாளியும் வேண்டாம். ஒரே கொள்வனவுக் கொப்பி போதும். தமிழரும் முஸ்லிமும் சிங்களவரும் ஒரே தெருவில் கடை வைத்திருக்கும் இந்த ஊரில் அது இன்னொரு நன்மையும் தரும்: சரக்கில் பங்காளி ஆனவர் கடைக்கு நெருப்பு வைக்க யாரும் விடமாட்டார்கள். கடந்த காலத்தில் பல கூட்டுறவுகள் அரசியல்வாதி கையில் சிக்கிச் செத்தன. ஆகவே தலைவரை அமைச்சர் நியமிக்காமல் கடைக்காரரே தெரிவு செய்யட்டும், கணக்கை ஆண்டுக்கொருமுறை பகிரங்கமாக வாசிக்கட்டும்.

9. வைக்கும் கோரிக்கைகள்

இந்த மேடையிலிருந்து நான்கு கோரிக்கைகள் வைக்கிறேன். முதலாவது, சிறு உற்பத்தியாளருக்குப் பணம் கொடுக்கும் நாளுக்குச் சட்ட எல்லை: அழியும் சரக்குக்கு 30 நாள், மற்றதற்கு 45 நாள், தவறினால் வட்டி தானாக ஏற வேண்டும். இரண்டாவது, 2003இல் கைவிட்ட ஏகபோக, இணைப்பு விசாரணை அதிகாரத்தை மீட்டு, அதைக் கொழும்பில் மட்டும் வைக்காமல் மாகாணத்திலும் ஓர் அலுவலர் கையில் கொடுக்க வேண்டும். முறைப்பாடு கொடுத்த மிக்சர்க்காரரின் பெயர் பெருங்கடைக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அடுத்த ஓடர் வராது. மூன்றாவது, ஓடும் சரக்கோடு ஓடாத சரக்கைக் கட்டி விற்கும் ஏஜென்டைக் கேட்க வேண்டும், கடைசிக் கடைக்காரரை மட்டுமல்ல. நான்காவது, கண்டி மாநகரசபை வண்டி நிறுத்துமிடத்தையும் சரக்கு இறக்கும் நேரத்தையும் நகரத்துச் சிறு கடைகளை மனதில் வைத்துத் திட்டமிட வேண்டும்.

பெரிய கம்பனிகளை விரட்டச் சொல்லவில்லை. பெரிதாவது குற்றமல்ல, அது பல நேரம் திறமையின் விளைவு. ஆனால் மலிவு விலை எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நல்ல நிர்வாகத்திலிருந்து வந்தால் அதை வாழ்த்துவோம். கெலிஓயாவின் ஓர் அடுப்படியில் முடங்கிய அறுபது நாள் பணத்திலிருந்து வந்தால், அந்தத் தள்ளுபடியை உண்மையில் கொடுத்தவர் யார் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குவோம்.

இந்த அவையில் இருக்கும் சட்ட மாணவர்கள் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அருகருகே வைத்து வாசியுங்கள். எது போயிற்று என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். பொருளியல் மாணவர்கள் உங்கள் ஊர்க் கடைக்காரரிடமும் சிறு தயாரிப்பாளரிடமும் எத்தனை நாள் தவணை என்று கேட்டுக் குறித்து வையுங்கள். அந்த இரண்டு தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு வர்த்தகச் சங்கத்தார் உங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரைப் போய்ப் பாருங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, இந்தக் கேள்வியை அவரிடம் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.